ஏழாவது தலை

"நான் வாளை ஓங்கினப்ப நீ எதுக்குடா குறுக்க—"

"குறுக்கயா? நான் நேரா நின்னேன். நீதான் எங்கிருந்தோ ஓடியாந்து—"

"ஓடியாராம? அவன் ஏழாவது தலைய இழுத்துக்கிட்டுப் பள்ளத்துல இறங்குறான். நான் ஆடி அசைஞ்சு நடந்தா வர்றது?"

"என் ஈட்டி கிளம்பிருச்சுக்கா. கிளம்பின ஈட்டிக்கு முன்னால வாளை நீட்டினது யாரு?"

"வீசின வாளுக்கு முன்னால ஈட்டிய விட்டது யாரு?"

காலை ஆறரை மணி. ஆறாம் மலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள் மோகனா. தேயிலைக் கொழுந்து வெட்டும் மிஷின் கும்பலுக்கு அவள்தான் கங்காணி. சரிவின் மேலிருந்து வந்த இரைச்சலில் யார் 'இருக்கேன்' என்றது, யார் கொட்டாவி விட்டது என்றே பிரித்தறிய முடியவில்லை. தனேஸின் பேரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். மூன்று தடவையும் அவன் பதில் சொல்லியிருந்தான்.

கடைசியில் அவள் மேலே பார்த்து, "ஆயி, ஐயா, ஆள் எண்ணி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கலா," என்றாள்.

சத்தம் நின்றது. முப்பது பேரை எண்ணுகிற நேரம் வரைதான். முப்பதாவது ஆள் தலையை ஆட்டியதும், விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல் குறையாமல் மறுபடி தொடங்கியது.

ஆறாம் மலையில் சாமி பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அந்த மலைக்கு அதுதான் பெருமை, அதுதான் தொல்லையும்.

சாமிகள் இருவர். அக்காள் வாளாயி, தம்பி ஈட்டியான். முழங்கால் உயரத்தில் இரண்டு கற்கள். ஒன்றின் பக்கத்தில் ஒரு வாள், மற்றதன் பக்கத்தில் ஓர் ஈட்டி. இரண்டு கைநீள இடைவெளியில் ஆளுக்கொரு தகரக் கூரை. கல்லுக்கு முகம் கிடையாது. ஆனால் கோபம் வந்தால் மேலே அப்பிய குங்குமம் பொலபொலவென்று உதிரும். அதனால் அங்கே தரை எப்போதும் சிவப்பாகவே இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த மலைகளை எல்லாம் பனிமூடன் என்கிற ஏழுதலை அரக்கன் பிடித்து வைத்திருந்தான். உச்சிக்கு ஒரு தலையாக ஏழு உச்சிகளில் தலை சாய்த்துப் படுத்திருந்தான். வெயில் என்ற ஒன்று இருப்பதே கீழே யாருக்கும் தெரியாது. அவனை முடிக்க வானத்தாய் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். வாளாயி ஒரு கண் சிமிட்டு முந்திப் பிறந்தவள். அந்த ஒரு சிமிட்டை அவள் தம்பிக்கு ஒரு நாளும் மறக்க விட்டதில்லை. ஏழு நாள் யுத்தம். ஆறு தலைகள் விழுந்தன, ஆளுக்கு மூன்று. அதில் சண்டை இல்லை. ஏழாவது தலைக்கு இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். வாளும் ஈட்டியும் ஒன்றோடொன்று மோதி நெருப்புப் பறந்ததுதான் மிச்சம். அரக்கன் இரண்டுக்கும் நடுவே நழுவிப் பள்ளத்துக்குள் போய்விட்டான். இன்றைக்கும் விடிந்ததும் அந்த ஒற்றைத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அதுதான் காலைப் பனி. பனி ஏறியதும் இவர்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

யார் மேல் தப்பு என்று தாய் கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கவே கூடாது. மேலே நட்சத்திரங்கள் தூக்கம் கெட்டு ஒவ்வொன்றாக வந்து முறையிட்ட பிறகு, அவள் இரண்டு பேரையும் காதைப் பிடித்துக் கீழே தள்ளினாள். இந்த வழக்குத் தீருகிற வரைக்கும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியக்கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு.

தேயிலை போடக் காடு வெட்ட வந்த முதல் ஆட்கள், காட்டுக்குள் இரண்டு பேர் தமிழில் சண்டை பிடிப்பதைக் கேட்டு, நமக்கு முன்னாலேயே வேறொரு கங்காணி ஆள் இறக்கிவிட்டான் போலிருக்கிறது என்று மனம் நொந்துபோனார்களாம். கொடிகளை விலக்கிப் பார்த்தால் கற்கள். அவர்கள் விழுந்து கும்பிட்டு எழுவதற்குள் கற்கள் இரண்டும் சேர்ந்து கேட்ட முதல் கேள்வி, நீங்களே சொல்லுங்கள், யார் மேல் தப்பு என்பது. அன்றிலிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகள் இரண்டு கட்சி. தேயிலை லோரி ஓட்டும் மலாய்க்காரருக்கு அதே சண்டை மலாயில் கேட்குமாம். பங்களாதேஷிலிருந்து வேலைக்கு வருகிற ஆட்களுக்கு வங்காளத்தில். முதல் வாரம் பயப்படுவார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் கட்சி பிரிந்துவிடுவார்கள்.

யுத்தம் இல்லாத காலத்தில் யுத்தசாமிக்கு என்ன வேலை என்று கேட்டுவிடக் கூடாது. போன வருடம் சுற்றுலா வந்த யாரோ படம் எடுக்கப் பறக்கவிட்ட டிரோன் ஒன்று கோயிலுக்கு மேலே வட்டமிட்டது. மறுநிமிடம் அது இரண்டு துண்டாக, நடுவில் ஒரு ஓட்டையோடு தேயிலைக்குள் கிடந்தது. துண்டு போட்டது யார், ஓட்டை போட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. எது முதலில் என்பதில் பதினொரு நாள் போயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் நாகப்பன் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றார்.

நாகப்பன் ஆறாம் மலை லைனில் பிறந்தவர்தான். இருபது வருடத்துக்கு முன்னால் கோலா தெர்லாவுக்குப் போய்க் காய்கறி போட்டார். பின்னாலேயே ஒவ்வொரு குடும்பமாகப் போனது. என்ன காரணமோ, போனவர்கள் எல்லாரும் ஈட்டியான் கட்சி. தக்காளி, முட்டைக்கோஸ், செவ்வந்தி எல்லாம் வந்தது, சாமிதான் இல்லை. எங்கள் சாமியை நாங்கள் எடுத்துப் போகிறோம், அங்கே தனிக் கோயிலே கட்டிவிட்டோம் என்று அவர் கோயில் கமிட்டித் தலைவர் ராதாகிருஷ்ணனிடம் சொன்னார். தாயின் உத்தரவு இருக்கிறதே என்றார் ராதாகிருஷ்ணன். வழக்குத் தீர்ந்தால் பிரியலாம்தானே, அப்படியானால் தீர்த்துவிடலாம் என்றார் நாகப்பன்.

அந்த மலையில் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை அது. எல்லாரும் கட்சி கட்டியிருந்தார்களே தவிர, தீர்க்கலாம் என்று எவரும் நினைத்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, திருவிழா அன்று, ஊர் கூடி வழக்கை விசாரிப்பது என்று முடிவானது. யார் மேல் தப்பென்று இரண்டு சாமியும் ஒத்துக்கொண்டால் போதும், ஈட்டியான் லோரி ஏறிவிடுவார்.

ஈட்டியானுக்குத் தலைகால் புரியவில்லை. நாகப்பன் போனில் கோயில் படங்களைக் காட்டினார். தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார்கள். கூரைக்கு, கைப்பழக்கம், தக்காளிக்குப் போடுகிற பிளாஸ்டிக்கையே போட்டுவிட்டார்கள். சொட்டுநீர்க் குழாய்கூட இழுத்திருந்தார்கள். அபிஷேகத்துக்கு ஆளே வேண்டாம், குழாயைத் திருப்பினால் போதும் என்று நாகப்பன் பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியாக்கா, எனக்குத் தனிக் குழாய்."

"உன்னையும் தக்காளின்னு நினைச்சுட்டானுங்கடா. கம்பு நட்டுக் கயித்தில கட்டாம விட்டாங்களே, அதுவே பெருசு."

"எரியுதா? எரியட்டும். உன் தகரம் ஒழுகுது, என் பிளாஸ்டிக் ஒழுகாது."

"போடா, போ. நீ போனா நான் காலாட்டிக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

அவளுக்குக் கால் ஏது என்று அவன் கேட்டான். சாயங்காலம் வரைக்கும் அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மோகனா கொழுந்து வெட்டும் மிஷினுக்குப் பெட்ரோல் எடுக்கக் கோயில் வழியாக வந்தாள். ஈட்டியான் தூங்கிக்கொண்டிருந்தான். பொங்கல் வைத்துவிட்டால் அவனுக்கு உடனே தூக்கம். வாளாயி மெதுவாகக் கூப்பிட்டாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று மோகனாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அந்தக் கோலா தெர்லா எம்புட்டுத் தூரம்?"

"ஒரு மணி நேரம் ஆயி. சனி ஞாயிறுன்னா மூணு."

"இங்கருந்து நான் சத்தம் போட்டா அங்க கேக்குமா?"

கேட்காது என்றாள் மோகனா.

"அவன் தொண்டை பெருசு. அவன் அங்கருந்து போட்டா?"

"அதுவும் கேக்காது ஆயி. நடுவுல எத்தனை மலை கிடக்கு."

தகரத்தின் மேல் ஒரு மைனா நடந்துவிட்டுப் போனது.

"நல்லது," என்றாள் பிறகு. "காலையில பனி ஏறுறப்ப நான் பாட்டுக்கு வேடிக்கை பாப்பேன். யாரும் குறுக்க பேச மாட்டாங்க."

மோகனா பெட்ரோல் டின்னைக் கீழே வைத்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டாள்.

"நானா? அவன்கிட்டயா?" வாளாயியின் குங்குமம் ஒரு பிடி உதிர்ந்தது. "மூத்தவ வந்து கெஞ்சினான்னு கல்லு கரையற வரைக்கும் சொல்லிக் காட்டுவான். பனிமூடன் ஏழு தலையோட திரும்பி வரட்டும், நான் தனியாவே நிக்கிறேன். இவன்கிட்டப் போய்ப் போகாதன்னு சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

மோகனா சொல்லவில்லை. இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் அவள் பிறந்ததிலிருந்து கண் விழித்திருக்கிறாள்.

ஞாயிறு வந்தது. காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன கோலா தெர்லா லோரி வழியில் கியா பார்ம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஸ்ட்ராபெர்ரி வாங்க ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கார்கள் மலையில் பாதியை மறித்து நின்றன. நாகப்பன் அரை மணிக்கொரு தரம் போன் செய்தார். ஒரு தடவை நகர்ந்துவிட்டோம் என்றார், அடுத்த தடவை அது நாங்கள் இல்லை, பக்கத்துக் கார் என்றார். ஈட்டியான் தன்னை ஒரு நிமிடம் அங்கே கொண்டுபோய் விட்டால் ஈட்டியை வைத்தே வழி பண்ணிவிடுவதாகச் சொன்னான். வழக்குத் தீராமல் இரண்டு கைநீளத்துக்கு மேல் நகர முடியாதவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள் என்று வாளாயி கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, கூட்டம் சிரித்தது. பெண்கள் அதற்குள் இரண்டு பானைப் பொங்கலை இறக்கிவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு லோரி வந்து சேர்ந்தது. வாழைக்கன்றும் செவ்வந்தித் தோரணமும் கட்டியிருந்தார்கள். நடுவில் சாமியை வைக்க, காய்கறி அனுப்புகிற வெள்ளை நுரைப்பெட்டிகளை அடுக்கி மெத்தை போட்டிருந்தார்கள். இறங்கியவர்களும் இங்கே இருந்தவர்களும் கட்டிப்பிடித்து நலம் விசாரித்து முடிக்க மேலும் அரை மணி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ராதாகிருஷ்ணன் நாற்காலியைக் கற்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, வழக்கு தொடங்குகிறது என்றார்.

சாட்சி யாரும் இல்லை. சாட்சி பள்ளத்துக்குள் ஒளிந்திருந்தான். ஆகவே இரண்டு பேருமே நடந்ததைச் சொன்னார்கள், ஒரே நேரத்தில். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று ராதாகிருஷ்ணன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். யார் முதலில் என்பதில் கால் மணி நேரம் போயிற்று. மூத்தவள் என்கிற முறையில் வாளாயி முதலில் சொன்னாள். தான் வாளை வீசிய பிறகுதான் ஈட்டி வந்தது என்றாள். ஈட்டி புறப்பட்ட பிறகுதான் வாள் வந்தது என்றான் அவன். இரண்டு பக்கமும் ஆமாம் ஆமாம் என்று ஆட்கள் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் கேட்டதுதான், ஆனாலும் திருவிழா அன்று கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாகப்பன் ஈட்டியானிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்த்தினாலும் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, ஒரே வார்த்தை. என் தப்புன்னு சொல்லிடுங்க. வழக்கு முடிஞ்சிரும், கிளம்பிடலாம். ஸ்ட்ராபெர்ரி பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருக்கோம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

ஈட்டியான் தொண்டையைச் செருமினான். மலையே காது கொடுத்தது.

"என்," என்றான். "என்... என்..." மறுபடி செருமினான். "என் ஈட்டி மேல ஒரு தப்பும் இல்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி முயன்று பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் வார்த்தை பாதியில் திரும்பி அக்காள் மேலேயே போய் விழுந்தது. வாளாயி மூச்சு விட்ட சத்தம் மோகனாவுக்கு மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் ராதாகிருஷ்ணன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் மோகனா மேல் நின்றது. கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் பிடிப்பதைப் பற்றி அவர் கேட்டார்.

அந்த மிஷினைப் பற்றித் தெரியாதவர் அங்கே யாருமில்லை. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், ஆளுக்கொரு கைப்பிடி. நடுவில் கத்தி ஓடும். இரண்டு பேரும் ஒரே எட்டு வைத்து, ஒரே உயரத்தில் பிடித்து நடந்தால் செடியின் தலை மேசை மாதிரி இருக்கும். ஒருத்தர் ஒரு விரல் தாழ்த்தினாலும் குச்சி வரைக்கும் வெட்டிவிடும். புவனேஸும் தனேஸும் ஆறு வருடமாக ஒரே மிஷினைப் பிடிக்கிறார்கள். வரிசை சாய்ந்தால் ஒருத்தன் மற்றவனைக் கை காட்டுவான்.

"சாய்ஞ்சா நீ யாரைக் கேப்ப?" என்றார் ராதாகிருஷ்ணன்.

மோகனா யோசிக்காமல் சொன்னாள். பத்து வருடமாகக் களத்தில் சொல்லி வருவதுதானே.

"யாரையும் கேக்க மாட்டேன். யாரு தாழ்த்தினாங்க, யாரு தூக்கினாங்கன்னு கேட்டா அன்னிக்கு வேலை நடக்காது. ஒரு மிஷின், ரெண்டு கை. சாய்ஞ்சா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி ஏச்சு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ராதாகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரு அரக்கன், இரண்டு ஆயுதம், ஆகவே தப்பு ஆளுக்குப் பாதி. இதைவிட நியாயம் ஏது என்று அவர் கேட்டதும், இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தோல்வி இல்லை. கைதட்டல்கூடக் கிளம்பியது. மோகனா நாக்கைக் கடித்துக்கொண்டு வாளாயியைப் பார்த்தாள். கல் கல்லாகவே இருந்தது.

"ஐயா, பாதி உங்க தப்பு. சம்மதமா?"

ஈட்டியான் கணக்குப் பார்ப்பவன் போலக் கொஞ்சம் இழுத்தான்.

"பாதின்னா... அவளும் பாதியா? எனக்குக் கூடுதலா ஒரு துளி இல்லையே?"

"துளிகூடக் கிடையாது."

"அப்பச் சரி. பாதி நான் எடுத்துக்கிறேன்."

கோலா தெர்லாக்காரர்கள் ஓவென்று குரல் கொடுத்தார்கள். நான்கு பேர் மூங்கில் கம்பையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். லோரி டிரைவர் ஏறி எஞ்சினைப் போட்டார். தப்பு மேளம் அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். இனி ஒரே ஒரு 'ம்' பாக்கி. ராதாகிருஷ்ணன் வாளாயியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"ஆயி, மிச்சப் பாதி உங்களுது. சம்மதமா?"

எத்தனையோ காலமாக அந்தக் கல் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பத்தாது," என்றாள்.

ராதாகிருஷ்ணனுக்குப் புரியவில்லை.

"பாதி எனக்குப் பத்தாது. மூத்தவளுக்குப் பாதியா? முழுசும் என் தப்பு. வாளை நான்தான் குறுக்க விட்டேன். அவன் ஈட்டி நேராத்தான் வந்துச்சு. முழுசும் என் பேர்ல போடு."

கூட்டம் அப்படியே நின்றது. எந்த நாளும் அந்த வாயிலிருந்து வராத பேச்சு. முழுத் தப்பும் அவளுடையது என்றாலும் வழக்குத் தீர்ந்ததாகத்தானே அர்த்தம் என்று நாகப்பன் முகம் மலர்ந்து, கம்புக்காரர்களைப் பார்த்துக் கை காட்டினார். வாளாயிக்குத் தன் தம்பியைத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

"அது எப்படி முழுசும் உனக்கு?" என்றான் ஈட்டியான்.

"நான் மூத்தவ."

"ஒரு கண் சிமிட்டு மூத்தவ. எனக்குப் பாதின்னு இப்பத்தான் சொன்னாங்க. என் பாதிய நீ யாரு எடுத்துக்க?"

"அது உனக்குத் தாங்காதுடா. சின்னவன்."

"தாங்காதா? ஏ ராதாகிருஷ்ணா, கேட்டுக்க. முழுசும் என் தப்பு. ஈட்டிய நான்தான் விட்டேன். அவ வாளு வர்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

"தெரிஞ்சா விட்ட?"

"தெரிஞ்சுதான். நீ மட்டும் என்ன?"

"நான் கண்ண மூடிக்கிட்டு வீசினேன். அது உன் தப்ப விடப் பெரிய தப்பு."

"இல்ல. தெரிஞ்சு செய்றதுதான் பெருசு. யாரை வேணா கேளு."

கேட்டார்கள். அங்கேயே கேட்டார்கள். தெரிந்து செய்வது பெரிதா, கண்ணை மூடிக்கொண்டு செய்வது பெரிதா என்று கூட்டம் அந்த நிமிடமே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் இந்தத் தடவை வாளாயி கட்சிக்காரர்கள், எல்லாத் தப்பும் எங்கள் ஆயியுடையதுதான் என்று மார்தட்டினார்கள். கோலா தெர்லாக்காரர்களுக்குக் கம்பும் கயிறும் கையில் இருக்க ரோஷம் தாங்கவில்லை. எங்கள் ஐயாவைவிடப் பெரிய தப்பு செய்தவர் யார் என்று எகிறினார்கள். நாகப்பனே கத்தினார். கத்திய பிறகுதான், தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்து பாதியில் வாயை மூடினார்.

சாமிகள் நிறுத்துவதாக இல்லை. குங்குமம் செம்மழையாக உதிர்ந்தது. ஏழாவது தலையோடு முடியாமல், டிரோன் விழுந்ததும் தன் தப்பு, போன மாரியில் பாலத்தடியில் மண் சரிந்ததும் தன் தப்பு என்று அவள் அடுக்க, இன்றைக்குக் கியா பார்மில் லோரி நின்றதும் தன் தப்புதான் என்று அவன் போட்டி போட்டான். தகரக் கூரைகள் இரண்டும் கடகடவென்று ஆடின. கோலா தெர்லா லோரியின் மலாய்க்கார டிரைவர் கதவில் சாய்ந்து நின்று கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோகனா தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

ராதாகிருஷ்ணன் மூன்று தடவை கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை மடித்தார். வழக்குத் தீரவில்லை, தீராததால் தாயின் உத்தரவுப்படி யாரும் யாரையும் விட்டுப் பிரிய முடியாது என்று அறிவித்தார். அறிவித்த மாதிரி உதடு அசைந்தது. யார் காதிலும் விழவில்லை.

நாகப்பன் லோரியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. அங்கே டைல்ஸ் கழுவி, கோலம் போட்டு, நாற்பது குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது. என்ன முகத்தோடு போய் நிற்பது என்று மோகனாவிடம் கேட்டார்.

மோகனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பிரியக் கூடாதுன்னுதானே அண்ணே உத்தரவு. சேர்ந்து போகக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

சண்டை ஒரு கணம் நின்றது.

"சேர்ந்துன்னா?" என்றான் ஈட்டியான்.

"ரெண்டு கைநீளம் விட்டு, ஒரே லோரில. போய்ப் பாத்துட்டு, பொங்கல் சாப்ட்டுட்டு, நாளைக்கு வந்துருங்க. வருஷா வருஷம் போங்க. அங்க இருக்கிறவங்களும் ஒரு நாள் சண்டை கேக்கட்டும்."

"நான் அந்தத் தக்காளிக் கொட்டாய்க்கா?" என்றாள் வாளாயி. ஆனால் அவளைத் தூக்கக் கம்பு கட்டியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லி ஏசினாள்.

நுரைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மெத்தை செய்தார்கள். தம்பி இடது பக்கம், அக்காள் வலது பக்கம். நடுவில் இடைவெளி சரியாக இரண்டு கைநீளம். ராதாகிருஷ்ணன் தானே கை நீட்டி அளந்து பார்த்தார். லைனில் இருந்த அத்தனை பேரும், பங்களாதேஷ் ஆட்களும் சேர்ந்து, இருந்த வேன், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் ஏறினார்கள். தப்புச் சத்தம் மலையில் மோதி மோதித் திரும்ப, லோரி தேயிலைக்கு நடுவே இறங்கி மெயின் ரோட்டைப் பிடித்தது. கற்கள் இரண்டும் அந்த மலையை விட்டு வெளியே வருவது அதுதான் முதல் தடவை. தானா ராத்தா டவுனில் பஸ் நிலையத்தைப் பார்த்து இது யாருடைய கோட்டை என்று ஈட்டியான் கேட்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, இவ்வளவு பேர் வெளியே நிற்கிறார்களே, இங்கே எந்த யுத்தம் என்று வாளாயி விசாரித்தாள். எந்தக் கடைப் பலகையை யார் முதலில் பார்த்தது என்று கொஞ்ச தூரம் போயிற்று.

அப்புறம் மேடு. லோரி மெல்ல முனகிக்கொண்டு ஏறியது. தப்பு அடித்தவர்கள் கை ஓய்ந்து தண்ணீர் குடித்தார்கள். பிள்ளைகளில் பாதி தூங்கிவிட்டார்கள். மோகனா பின்பலகையில் சாய்ந்து, இரண்டு கற்களும் வளைவுக்கு வளைவு ஒன்றை நோக்கி ஒன்று சாய்வதையும் மறுபடி விலகுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈட்டியான் வழியில் வருகிற காய்கறித் தோட்டங்களை எல்லாம் வாய் ஓயாமல் எண்ணிக்கொண்டு வந்தான். வாளாயி ஒன்றிலும் குறுக்கே பேசவில்லை. வெகு நேரம் கழித்து, மோகனாவுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், அவள் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, பாதின்னு உடனே ஒத்துக்கிட்டியே. நான் 'ம்'னு சொல்லியிருந்தா நெசமாவே போயிருப்பியா?"